ஹீராவின் முன்னால் ஒரு பெண் பார்க்கும் படலம்

எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பதற்குக் கோயிலைத்தான் தேடுவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் அந்த வீட்டின் மானம் போய்விடும். கோயிலென்றால் அந்தக் கவலை இல்லை. அவர்களும் சாமி கும்பிட வந்தார்கள், நாங்களும் சாமி கும்பிட வந்தோம், தற்செயலாகக் கண்டோம், பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டாள் என்று சொன்னார்கள், போனார்கள். சரிவந்தால் சம்பந்தம், சரிவராவிட்டால் சாமி தரிசனம். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

இத்தாலியில், பலெர்மோவில் இந்த ஏற்பாடு சரிவராது. இங்கே எங்கள் கோயில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தட்டு மண்டபம். தற்செயலாக ஒருவரைக் காண்பதற்கு அங்கே இடம் ஏது, வெள்ளிக்கிழமையென்றால் நிற்பதற்கே இடமில்லை. அக்காவின் மகளை அங்கே இரண்டு தடவை தற்செயலாகப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் ரொறன்ரோவிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்துவிட்டது. "என்னவாம், சரிவரேல்லையாமே?" என்று ஒரு மச்சாள் கேட்டாள். அக்கா அன்றைக்குக் கோயிலில் கொடுத்த புக்கையைக்கூட வாயில் வைக்கவில்லை.

அதனால் மூன்றாவது சம்பந்தம் பேச்சுக்கு வந்தபோது அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பார்க்கிற இடம் கோயிலாக இருக்கவேண்டும். ஆனால் அங்கே ஒரு தமிழ்க் குருவிகூட இருக்கக்கூடாது.

"மலைக்குப் போவம்" என்றார் அத்தான். நகரத்துக்கு மேலே மலையில், குகைக்குள் இருக்கிற புனிதையைத்தான் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை மலையிலை ஆர் நிப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? பாதி யாழ்ப்பாணம் அங்கைதான் நிக்கும்" என்று அக்கா எரிந்து விழுந்தாள்.

உண்மைதான். இந்துவும் வேதக்காரரும் ஒன்றாக மெழுகுதிரி கொளுத்துகிற இடம் அது. எனக்கு அதைவிட வேறொரு சங்கடமும் இருந்தது. அந்தப் புனிதை கலியாணம் வேண்டாமென்று வீட்டைவிட்டு ஓடிப்போய்க் குகைக்குள் ஒளித்துக்கொண்டவள் என்று ஊரில் சொல்கிறார்கள். அவளிடமே போய் மாப்பிள்ளை கேட்பது கொஞ்சம் அதிகப்படி அல்லவா? ஆனாலும் எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். அவளும் பொறுமையாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த இக்கட்டில்தான் எனக்கு ஹீராவின் ஞாபகம் வந்தது.

நான் பொலிதேயாமா பக்கத்தில் ஒரு இத்தாலிய அம்மா, சின்யோரா, வீட்டில் வேலை செய்கிறேன். எண்பது தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்க மொழி படிப்பித்து ஓய்வுபெற்றவர். புருசன் செத்து வெகுகாலம். உதட்டுச் சாயம் பூசாமல் குப்பை வாளியைக்கூட வெளியே வைக்கமாட்டார். வியாழன் தோறும் ஓய்வுபெற்ற ஒரு பல் வைத்தியர் வந்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. திரும்பி வரும்போது சின்யோராவின் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தேவையும் இல்லை.

படிப்பித்த வாய் சும்மா இருக்காது. முன்பு வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது இஸ்திரிப் பெட்டியோடு ஓடமுடியாமல் நிற்பது நான் ஒருத்திதான். நான் படுக்கை விரிப்புகளை மடிக்க மடிக்க அவர் கிரேக்கச் சாமிகளின் குடும்ப வண்டவாளங்களை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். ஹீரா கலியாணத்துக்குரிய தேவி. அவளுடைய புருசன் தேவர்களுக்கெல்லாம் அரசன். கண்ணில் பட்ட ஒருத்தியையும் விடாதவன். கலியாணத்தைக் காக்கிற தேவிக்கே இப்படியொரு புருசன் வாய்த்ததைச் சொல்லிச் சின்யோரா விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒருநாள் அவர் சொன்னது எனக்குள் தைத்துவிட்டது. கிரேக்கத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஹீராவுக்கு மூன்று கோயில்கள் இருந்தனவாம். ஒன்றில் அவள் கன்னிப்பெண். இன்னொன்றில் கலியாணம் முடித்தவள். மூன்றாவதில் கைம்பெண்.

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "கைம்பெண்ணையா கும்பிட்டார்கள், சின்யோரா?"

"செர்த்தோ" என்றார் அவர், இதிலென்ன அதிசயம் என்கிற மாதிரி. புருசன் சாகவில்லையாம், சண்டைபிடித்துக்கொண்டு அவள் தனியே வந்துவிட்டாளாம். ஆனால் கோயிலுக்குப் பெயர் கைம்பெண் கோயில்தான். வேறோர் ஊரில் ஒரு சுனை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அதில் குளித்து ஹீரா மறுபடியும் கன்னியாகிவிடுவாளாம்.

"அந்தச் சுனை எந்த இடத்தில்?" என்று கேட்டேன்.

"நானும் வரைபடத்தில் தேடியிருக்கிறேன்" என்றார் சின்யோரா.

சின்யோராவுக்கு முழங்கால் நோ. ஒருமுறை தொல்பொருள் நூதனசாலைக்குப் போக என் கையைத் துணைக்குப் பிடித்துக்கொண்டார். பழைய துறவிமடக் கட்டடம். முற்றத்தில் மரங்கள், நீர்த்தொட்டிக்குள் ஆமைகள். உள்ளே செலினுந்தே என்கிற பழைய கிரேக்க ஊரிலிருந்து கொண்டுவந்த கோயில் துண்டுகள். அதில் ஒன்றில் ஹீராவின் கலியாணம் செதுக்கியிருந்தது. நான் கவனித்தது வேறொன்று. அங்கே நின்ற அவ்வளவு நேரத்தில் தமிழ் ஆட்களை மருந்துக்கும் காணவில்லை.

ஆகவே அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அது கோயிலோ?" என்று அக்கா கேட்டாள்.

"கோயில்தான் அக்கா. உடைஞ்சு போச்சு. துண்டுகளைக் கொண்டுவந்து சுவரிலை பதிச்சு வைச்சிருக்கினம்."

"மூலஸ்தானம்?"

"இல்லை. ஆனால் சாமி இருக்கு."

"என்ன சாமி?"

"கலியாணச் சாமி. அம்மன் மாதிரி. புருசனோடை இருக்கிறா."

புருசனோடு இருக்கிறாள் என்றதும் அக்காவுக்கு நிம்மதி. அந்தப் புருசனின் மற்ற விவகாரங்களை நான் சொல்லப் போகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு என்று நாள் வைத்தோம். திராப்பானியில் இருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் அறிவித்தாயிற்று.

"நீ வந்து இடத்தைக் காட்டு. நல்லாத் தெரிஞ்சவள் நீதான்" என்றாள் அக்கா. பிறகு புடவைக் கரையைத் திருகினாள். "ஆனால்... அவையள் வாற நேரம் கொஞ்சம் தள்ளி நில், என்ன."

என் புருசன் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் துப்புரவாக்கியவர். அவர் கண்ணை மூடி ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து என் ஆட்கள் என்னிடம் ஒரு கடுமையான வார்த்தை சொன்னதில்லை. பிள்ளை பெரியவளான சாமர்த்தியச் சடங்கோ, தாலி கட்டோ, அந்த நேரம் நெருங்கியதும் யாராவது என் தோளைத் தொட்டு, "பிள்ளை, உந்தச் சோத்தை ஒருக்காப் பார்" என்பார்கள். நான் போய்ப் பார்ப்பேன். சோறு அதன் பாட்டில் நன்றாகத்தான் வெந்துகொண்டிருக்கும். ஆறு வருடத்தில் எத்தனை அண்டா சோற்றை நான் இப்படிக் கண்ணால் காவல் காத்திருப்பேன்! எனக்கு அது வலிக்கும். சிரித்துக்கொண்டு போவதால் வலிக்கவில்லை என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு நான் மறுத்துச் சொல்லாததற்குக் காரணம் அவளுடைய மகள்.

அவள் இங்கேயே பிறந்தவள். வியா றோமாவில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். சிசிலிக்காரர் மாதிரிக் கையை ஆட்டி ஆட்டித் தமிழ் கதைப்பாள். திராப்பானி மாப்பிள்ளையை அக்காவும் அத்தானும் தேடிப் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் இவள் அவனை ஏற்கெனவே ஒரு பஸ்ஸில் பிடித்துவிட்டாள். இரண்டு பேரும் என் சமையலறையைத் தொலைபேசிக் கூடமாக்கிக் கதைத்துக் கதைத்து, பிறகு ஒரு தூரத்து உறவுக்காரியின் வாயில் இந்தச் சம்பந்தத்தை வைத்து, இரண்டு வீட்டாரும் தாங்களே கண்டுபிடித்ததாக நினைக்கும்படி செய்திருந்தார்கள். சாதகமும் பொருந்தியது. அதில் எங்கள் கை இல்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை.

"இதுவும் குழம்பினால் லண்டன்காரருக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்" என்று அக்கா சபதம் எடுத்திருந்தாள். லண்டன்காரர் படித்தவர், தலைமயிர் குறைவு, கதையும் குறைவு. பிள்ளை என் மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதாள். "சின்னம்மா, இவன் இல்லாட்டி எனக்கு ஒருத்தரும் வேண்டாம்" என்றாள். அதனால்தான் தள்ளி நில் என்றபோது ஓம் என்றேன்.

அந்த ஞாயிறு பல்லாறோ சந்தையின் இரைச்சலுக்குள்ளால் நாங்கள் நான்கு பேரும் நடந்து போனோம். அக்கா குங்குமநிறப் பட்டு. மீன்காரன் ஒருவன் அவளைக் கண்டதும் கணவாயை மேலே தூக்கி வணங்கினான். அல்பெர்கேரியாவின் ஒடுங்கின சந்துகளில் பட்டுச்சேலை கரை தட்டாமல் நடப்பது பெரிய வித்தை. அத்தான் முன்னால் போய் ஸ்கூட்டர்களை ஒதுக்கிவிட்டார்.

நூதனசாலை வாசலில் அக்கா செருப்பைக் கழற்றினாள்.

"அக்கா, உது தேவையில்லை."

"கோயிலெண்டு சொன்னாய்?"

காவலுக்கு நின்ற பருத்த பெண்மணி செருப்பைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் இத்தாலியனில், "காலில் வலி" என்றேன். அவள் பரிதாபப்பட்டு ஒரு நாற்காலியைக் காட்டினாள். அத்தானுக்குப் போன வருடம்தான் இருதயத்தில் ஏதோ வைத்தார்கள். அதிக நேரம் நிற்பது அவருக்கு ஆகாது. அவர் முற்றத்திலேயே ஆமைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தம் பேசுவதைவிட ஆமை பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

மண்டபத்தில் அந்தக் கலியாணக் கல்லுக்கு முன்னால் அக்காவைக் கொண்டுபோய் நிறுத்தினேன். தேவராசன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். மேலுடம்பில் துணியில்லை. அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்திருக்கிறான். அவள் நின்றபடி முக்காட்டை விலக்கி முகம் காட்டுகிறாள். சிற்பி ஒரு வேலை செய்திருக்கிறான். ஆணுக்கு உடம்பு முழுவதும் சாதாரண மஞ்சள் கல். பெண்ணுக்கு மட்டும் முகத்தையும் கையையும் காலையும் தனியாக வெள்ளைப் பளிங்கில் செய்து பொருத்தியிருக்கிறான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "பொம்பிளை நல்ல வெள்ளை" என்றாள். "மாப்பிளை பரவாயில்லை."

பிறகு கைப்பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துக் கல்லின் அடியில் வைக்கப் போனாள். "சின்யோரா, நோ!" என்று பருத்த காவல்காரி மண்டபத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்தாள். சாமிக்குப் பூ வைக்க விடாத கோயிலை அக்கா அன்றைக்குத்தான் கண்டாள். சரத்தை மகளின் தலையிலேயே இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

வாசல் பக்கம் ஆள் அரவம் கேட்டது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மூண்டு பேர் வருகினம்" என்றாள். என்னை நோக்கிக் கண்ணைக் காட்டினாள். நான் பக்கத்து அறைக்குப் போனேன். இங்கே பார்ப்பதற்குச் சோறுகூட இல்லை.

அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் முழுக்க மண்ணால் செய்த சின்னப் பெண்கள். செலினுந்தேயில் ஊருக்கு வெளியே, ஆற்றைத் தாண்டி, கனி ஏந்திய அம்மன் ஒருத்திக்குக் கோயில் இருந்தது. தானியம் விளையவேண்டும், கலியாணம் கூடவேண்டும், பிள்ளை பிறக்கவேண்டும் என்று கேட்டவர்கள் கொண்டுபோய் வைத்த பொம்மைகள் இவை. ஒருத்தி நெஞ்சோடு மாதுளம்பழத்தை அணைத்திருக்கிறாள். ஒருத்தி மடியில் குழந்தை. அடுக்கு அடுக்காக நிற்கிறார்கள். எல்லோருக்கும் வரிசையில் காத்திருக்கிற முகம். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் போனால் நாங்களும் இப்படித்தான் நிற்போம்.

கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்குள் இன்னொரு பெண் பக்கவாட்டாக நுழைந்தார். சாம்பல் நிறச் சேலை, கையில் ஒரு பெரிய பை, வெறும் நெற்றி. என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி எதையோ மிகக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார். அவர் வாசித்தது தீயணைக்கும் கருவியைப் பாவிக்கும் விதம்.

"தமிழோ?" என்று கேட்டேன்.

"ஓம்." திரும்பவில்லை.

"நெருப்பு ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ."

அவர் மெல்லத் திரும்பினார். "அங்காலை ஒரு நல்ல காரியம் நடக்குது. அதுதான் இஞ்சை நிக்கிறன்."

"நானும் அதுக்குத்தான் நிக்கிறன்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

"நான் பொம்பிளையின்ரை சின்னம்மா. நீங்கள்?"

"மாப்பிளையின்ரை தாய்."

"தாய் வந்து சிலிண்டருக்குப் பக்கத்திலை நிக்கிறதோ?"

"முகத்திலை முழிச்சுக் காரியம் குழம்பிப்போடுமெண்டு அவன்ரை பெரியப்பா சொன்னவர். கேட்டால் சுகமில்லை எண்டு சொல்லுறன், நீ அங்காலை நில் எண்டார். வராமல் விடவும் மனமில்லை. மருமோளை ஒருக்காத் தூர நிண்டெண்டாலும் பாப்பமெண்டு வந்தனான்." குரல் தாழ்ந்தது. "என்ரை மூத்தவளின்ரை தாலி கட்டும் நான் பாக்கேல்லை. ஏனங்களை எண்ணிப் பாருங்கோ எண்டு அனுப்பிப்போட்டினம்."

"ஏனமோ? எங்கடை பக்கம் சோறு" என்றேன்.

"என்ன சோறு?"

"சோத்தைப் பார் எண்டு அனுப்புவினம்."

அவருடைய வாய்க்கோணத்தில் ஒரு அசைவு. சிரிப்பு வரப்போகிறது, ஆனால் வர வழியில்லாமல் உள்ளே நிற்கிறது என்று தெரிந்தது. ஏதாவது செய்யாமல் இருக்க என்னால் முடியாது. பையில் என்ன என்று கேட்டேன். சம்பந்தி வீட்டுக்கென்று பலகாரம் செய்து வந்திருந்தார். டப்பாவைத் திறந்தார். பயற்றம் பணியாரம், அரியதரம், ஒரு பக்கத்தில் எள்ளுருண்டை.

"எள்ளுருண்டை அவனுக்கு விருப்பம். அவனுக்கெண்டுதான் தனிய வைச்சனான்" என்றார்.

எள்ளுருண்டையைக் கண்டதும் எனக்குச் சின்யோரா சொன்ன கதை ஞாபகம் வந்துவிட்டது. சொல்லலாமா கூடாதா என்று யோசிக்குமுன் சொல்லத் தொடங்கிவிட்டேன். இந்தக் கனி ஏந்திய அம்மன் தானியத்தின் தாய். அவளுடைய மகளை, இதே சிசிலியில் ஒரு ஏரிக்கரையில் பூப்பறித்து நின்றவளை, பாதாள ராசன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தாய் சோறு தண்ணி இல்லாமல் துக்கத்தில் கிடந்தாள். ஒருத்தராலும் அவளை எழுப்ப முடியவில்லை. கடைசியில் ஒரு பொம்பிளை வந்து அவளுக்கு முன்னால் கூசாமல் ஒரு கெட்ட பகிடி விட்டாள். பாவாடையைத் தூக்கிக் காட்டினாள் என்றும் சொல்கிறார்கள். அம்மன் சிரித்துவிட்டாள். பிறகுதான் வாயில் ஏதோ வைத்தாள். அன்றிலிருந்து அந்த அம்மனின் திருவிழாவுக்கு ஆம்பிளைகள் வரக்கூடாது. பொம்பிளைகள் கூடியிருந்து வாய் கூசுகிற பகிடிகள் விடவேண்டும். அதுதான் பூசை. சிராக்கூசாவில் எள்ளும் தேனும் சேர்த்து ஒரு பலகாரமும் செய்து சுமந்து போவார்களாம்.

"எள்ளுருண்டை மாதிரியோ?" என்றார் அவர்.

"எள்ளுத்தான். உருண்டை இல்லை." எந்த வடிவம் என்று காதுக்குள் சொன்னேன். சின்யோரா கையால் காட்டியதையும் அப்படியே காட்டினேன்.

அவர் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தார். தோள் குலுங்கியது. பிறகு தலைப்பையும் மீறி வெடித்துவிட்டது. எப்படிப்பட்ட சிரிப்பு! வருடக்கணக்காக மூடி வைத்திருந்த சிரிப்பு. என்னையும் பிடித்துக்கொண்டது. கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். பருத்த காவல்காரி வந்து எங்களையும் டப்பாவையும் பார்த்தாள். சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்றாள். அவர் உடனே ஒரு பணியாரத்தை நீட்டினார். காவல்காரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த நேரம் அக்காவின் மகள் ஓடிவந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"சின்னம்மா, அம்மா போவம் எண்டு நிக்கிறா! அவன்ரை அம்மாவுக்குச் சுகமில்லை, வரேல்லை எண்டு பெரியப்பா சொன்னார். அம்மா மூண்டு பேர் வந்ததைக் கண்டவவாம். பொய் சொல்லீனமாம். என்னைப் பிடிக்காமல் தாய் அங்காலை நிண்டு பகிடி பண்ணிச் சிரிக்கிறாவாம். லண்டனுக்கு இண்டைக்கே அடிக்கப்போறாவாம்." பிறகு தமிழ் போதாமல் இத்தாலியனுக்குத் தாவினாள். "ஃபாய் குவால்கோசா, சின்னம்மா, ஃபாய் குவால்கோசா!" ஏதாவது செய் என்று கெஞ்சினாள்.

சாம்பல் சேலைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. டப்பாவின் மூடியைப் பூட்டினார். "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

"வாங்கோ, போய்ச் சொல்லுவம்."

"நான் மாட்டன். நான் முன்னாலை வந்து அதாலையும் குழம்பினதெண்டால் என்ரை பிள்ளையின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

சிரிக்கவைத்தவள் நான். பிள்ளை என் கையைப் பிடித்து நிற்கிறாள். எனக்கு வந்த கோபம் ஒரு நாளில் வந்த கோபமல்ல. தள்ளி நிற்கச் சொன்ன கோட்டைத் தாண்டி நேராக மண்டபத்துக்குள் போனேன்.

கலியாணக் கல்லுக்குக் கீழே மாப்பிள்ளை கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான். நல்ல நெடுவல் பொடியன், பாவம். பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டி ஆயத்தமாக நின்றாள். என்னைக் கண்டதும் கண்ணால் போ என்றாள். நான் போகவில்லை.

"அவ உங்களைப் பகிடி பண்ணேல்லை அக்கா. என்ரை பகிடிக்குச் சிரிச்சவ."

"தாய் வந்திருந்தால் வந்து முன்னாலை நிக்கவேணும். என்ரை பிள்ளையைப் பிடிக்கேல்லை எண்டால் முகத்துக்கு நேரை சொல்லவேணும். ஒளிச்சு நிண்டு சிரிக்கிறது என்ன பழக்கம்?"

"அது உங்கடை பழக்கம்தான்."

அக்காவுக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அவவின்ரை புருசன் இல்லை எண்டு சாதகம் பாக்கேக்கையே உங்களுக்குத் தெரியும். என்னை ஏன் தள்ளி நிக்கச் சொன்னனீங்கள்? அதுக்குத்தான் அவவையும் அவவின்ரை ஆக்கள் தள்ளி நிக்கச் சொல்லியிருக்கினம். நான் உங்கடை சொல்லுக் கேட்டால் நல்ல தங்கச்சி. அவ தன்ரை ஆக்களின்ரை சொல்லுக் கேட்டால் திமிர் பிடிச்சவவோ?"

பெரியப்பா கூரையிலிருந்து கண்ணை இறக்கித் தரையில் வைத்தார்.

"மெல்லக் கதை" என்றாள் அக்கா. "ஆக்கள் கேட்டால்..."

"எந்த ஆக்கள்? தமிழாக்கள் ஒருத்தரும் இல்லாத இடமெண்டு தேடித்தானே இஞ்சை வந்தனாங்கள். சுத்திவரக் கல்லு. முற்றத்திலை ஆமை. ஆருக்குப் பயந்து என்னை ஒளிச்சு வைச்சனீங்கள் அக்கா?"

கேட்டுவிட்டேன். ஆறு வருடம் கேட்காமல் விட்டது. என் குரல் அந்த மண்டபத்துக்குள் ஒருமுறை சுற்றி வந்தது. நான் அழுகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அக்கா கைப்பையின் வாரைப் பிடித்தபடி நின்றாள். முற்றத்துப் பக்கம் பார்த்தாள். கதவுக்குள்ளால் அத்தானின் முதுகு தெரிந்தது. குனிந்து ஆமைக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தானடி பயம்" என்றாள் அக்கா. "வேறை ஒருத்தருக்கும் இல்லை. நீ அண்டைக்கு அழுத அழுகையைப் பாத்தவள் நான். அது உவளுக்கு வந்திடுமோ, எனக்கு வந்திடுமோ எண்டு... அதுதான். எனக்கு வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"தள்ளி நிண்டால் வராதெண்டால் நான் இந்தியாவிலை போய் நிப்பன் அக்கா. இது தொத்து வருத்தமில்லை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணைத் தன் பட்டுச்சேலைத் தலைப்பாலேயே துடைத்தாள். கண்மை பட்டு அந்தச் சேலை பழுதாகிவிட்டது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு நடந்தாள். சிரிப்பு வந்த திசை அவளுக்கு நினைவிருந்தது.

மாப்பிள்ளையின் தாய் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி மண் பொம்மைகளுக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா அவருக்கு முன்னால் போய்க் கை கூப்பினாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வாங்கோ, வந்து உங்கடை மருமோளைக் கிட்ட நிண்டு பாருங்கோ."

அவர் அசையவில்லை. "சின்னம்மாவும் வருவாவோ?" என்று கேட்டார். அக்கா என் கையை விடாமல் தூக்கிக் காட்டினாள்.

மண்டபத்துக்கு மூன்று பேரும் ஒன்றாகத்தான் நுழைந்தோம். பிள்ளையைக் கண்டதும் அந்தத் தாய் அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார். மகன்காரன் மூக்கை உறிஞ்சினான். பெரியப்பாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவராகவே போய் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆமை பார்த்தார். எள்ளுருண்டையை மாப்பிள்ளை ஒன்று எடுத்து வாயில் போட்டபோது நானும் அவன் தாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம்.

காவல்காரி பூட்டப்போகிறோம் என்று கை தட்டிய பிறகுதான் வெளியே வந்தோம். வாசலில் வைத்து மாப்பிள்ளையின் தாய், "அப்ப எப்ப நாள் வைப்பம், சம்பந்தி?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "உவளின்ரை சின்யோரா எப்ப லீவு குடுப்பா எண்டு முதல் கேப்பம். உவள் பக்கத்திலை நிக்காமல் என்ரை பிள்ளைக்குத் தாலி ஏறாது."